முதலில் உட்காரும் ஆள்

அன்புள்ள அண்ணா,

திண்டுக்கல்லில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து டெக்கன் 8 என்ற சண்டை வீடியோ கேமில் போட்டி நடத்துகிறோம். மொபைல் சர்வீஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, இரண்டு பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன்), இரண்டு டிவி. முதல் முறை 16 பேர் வந்தார்கள். அடுத்த முறை 11. போன மாதம் 7. வராதவர்களைக் கேட்டால் வேலை இருந்தது என்கிறார்கள். டபுள் எலிமினேஷன் முறையில்தான் நடத்துகிறோம், இரண்டு முறை தோற்றால் வெளியே. வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம் என்கிறேன் நான். உலகின் பெரிய சண்டை கேம் போட்டியான எவோவில் இருக்கும் முறையை விட்டுவிட்டால் அது போட்டியே இல்லை என்கிறார் நண்பர். மாற்றலாமா? மாற்றினால் நன்றாக ஆடுகிறவர்கள் வருவார்களா? பரிசுத் தொகையை எப்படிப் பிரிப்பது?

ம., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

முதல் போட்டியின் பிராக்கெட் தாள், அதாவது யார் யாரோடு மோதினார்கள் என்று எழுதிய தாள், இன்னும் கையில் இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 16 பேர். முதல் சுற்றில் 8 பேர் தோற்கிறார்கள். அந்த 8 பேரும் தங்களுக்குள் மோதி, 4 பேர் வெளியேறுகிறார்கள். அதாவது யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் 4 பேர் ஒரு வெற்றிகூட இல்லாமல் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். அந்தக் கணக்கு முறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த நால்வரின் பெயர்களையும் போன மாதம் வராதவர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். பஸ் ஏறி வந்து, நுழைவுக் கட்டணம் கட்டி, இரண்டு செட் (இருவர் மோதும் ஒரு மோதல்தான் செட்) ஆடி, பன்னிரண்டு மணிக்குள் முடிந்துபோய், மீதி நாள் முழுக்கச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அவர்கள்.

எவோவைப் பற்றி நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2023 எவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற ஒரு சண்டை கேம் ஆட மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். அத்தனை பேரில் ஒருவரை மூன்றே நாளில் கண்டுபிடிக்க டபுள் எலிமினேஷன் சரியான கருவி. ஆனால் அதே எவோவின் வேர் 1996இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், கோல்ஃப்லேண்ட் என்ற ஆர்கேடில் (காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடம்) நடந்த 'பேட்டில் பை த பே'. அன்று கூடியவர்கள் சுமார் 40 பேர்தான். உங்கள் அறையில் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவர் என்று யாரும் இல்லை, யார் முதலாவது வருவார் என்று உங்கள் நால்வருக்கும் இப்போதே தெரியும். உங்களுக்கு வேண்டியது அடுத்த மாதமும் 16 பேர்.

நம் ஊர் செஸ் போட்டிகளில் இதற்கு ஒரு வழி எப்போதோ வந்துவிட்டது. பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போன எந்தப் பெற்றோருக்கும் சுவிஸ் முறை தெரியும். தோற்றாலும் யாரும் வெளியே போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி வைத்திருப்பவர்கள் மோதுவார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்கூட 11 சுற்று சுவிஸ்தான். உங்கள் 16 பேரை 4 சுற்று சுவிஸ் ஆட விட்டால் மொத்தம் 32 செட். டபுள் எலிமினேஷனில் 30 அல்லது 31. கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும், ஆனால் வெற்றியே இல்லாமல் போகிறவர் ஒரே ஒருவர். இதை மட்டும் செய்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

ஆனால் வித்தியாசமாக நடத்தலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த முறையைச் சொல்கிறேன். மூன்று பேர் குழு, வென்றவர் நாற்காலியிலேயே இருப்பார்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தெருமுனைக் கடையில் டெக்கன் 3 ஓடும். மணிக்கணக்குக் கட்டணம், ஒரே டிவி, ஒரே சட்டம்: தோத்தவன் பேடைக் கொடு, அதாவது கையில் இருக்கும் கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்திரு. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடியவர்களுக்கும் தெரியும், அங்கே ஆட்டத்துக்குள்ளேயே மூன்று பேர் குழு, ஜெயித்தவர் அடுத்த ஆளோடு தொடர்ந்து மோதுவார். ஜப்பானிய ஆர்கேடுகளில் இப்படிக் குழுவாக ஆடும் போட்டிகள் பெரிய மரபு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் தேர்ட் ஸ்ட்ரைக்குக்கு என்றே அங்கே நடக்கும் கோஆபரேஷன் கப் ஐந்து பேர் குழுக்களின் போட்டி. கடைச் சட்டத்தில் ஒரு அநியாயம் இருந்தது. பெரிய ஆள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், சின்னப் பையன் காசு கொடுத்துவிட்டு இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவான். குழுவாக ஆக்கினால் அந்த அநியாயம் போய்விடும். எப்படி என்று சொல்கிறேன்.

வந்தவர்களை மூன்று கூடையாகப் பிரியுங்கள்: நன்றாக ஆடுகிறவர்கள், ஓரளவு ஆடுகிறவர்கள், புதியவர்கள். கேமில் இருக்கும் ரேங்க்கை மட்டும் பார்த்துப் பிரிக்காதீர்கள், ஆன்லைன் பக்கமே போகாமல் அண்ணனோடு ஆடியே தேறியவர்களும் வருவார்கள். நீங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்தால் ஒரு குழு. நண்பர்கள் சேர்ந்தே குழுவாக வர அனுமதிக்கவே கூடாது, அனுமதித்தால் பலமான மூவர் ஒன்றாகிவிடுவார்கள், எல்லாம் அங்கேயே முடிந்தது. அடுத்த சட்டம்தான் உயிர்: புதியவர்தான் முதலில் உட்கார வேண்டும். இரண்டு குழுவுக்கும் இதே சட்டம் என்பதால் அவருடைய முதல் ஆட்டம் எப்போதும் இன்னொரு புதியவரோடுதான். ஜெயித்தால் எதிரணியின் அடுத்த ஆள் வருவார். ஜெயித்தவர் கேரக்டரை மாற்றக் கூடாது, உள்ளே வருகிறவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நேரக் கணக்கும் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு குழு மோதலில் குறைந்தது 3 ஆட்டம், அதிகம் போனால் 5. ஒரு ஆட்டத்துக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 12 முதல் 20 நிமிடம். 18 பேர் வந்தால் 6 குழு, எல்லாரும் எல்லாரோடும் மோதினால் 15 மோதல். இரண்டு டிவியில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். புதியவர் குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருப்பார். 16 பேர்தான் என்றால் ஒரு குழுவில் புதியவர்களாக இரண்டு பேரை வைத்து மாற்றி மாற்றி இறக்குங்கள்.

எங்கள் ஊரில் இப்படி நடத்தியபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணனோடு வந்திருந்தான். பாண்டா என்ற கரடி கேரக்டரை எடுத்தான். எதிரே மல்யுத்த வீரர் கிங். அந்த ஆட்டத்தின் முதல் இரண்டு ரவுண்டும் கிங் பிடித்துப் பிடித்துத் தூக்கி அடித்தே முடிந்தன. பையன் திரும்பி அண்ணனைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். அப்போது அவன் குழுவின் பெரிய ஆள், அதுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசாதவர், நாற்காலிக்குப் பின்னால் குனிந்து சொன்னார்: "பிடிக்க வரும்போது எந்தக் கை நீளுதுன்னு மட்டும் பாரு. இடது கைன்னா ஸ்கொயர் பட்டன், வலதுன்னா ட்ரையாங்கிள், ரெண்டும்னா ரெண்டையும் அமுக்கு." அடுத்த ரவுண்டில் கிங் வந்தார், கை நீண்டது, பிடி உடைந்தது. அறையில் எழுந்த சத்தத்துக்குக் கீழே டீக்கடையிலிருந்து ஆள் மேலே வந்து பார்த்தார். அந்த ரவுண்டைப் பையன் எடுத்தான். அதற்கடுத்ததில் தோற்று எழுந்தான். ஆனால் எழுந்தவன் சுவரோரம் போகவில்லை, அடுத்த ஆளின் காதில் கிங் எப்போதெல்லாம் பிடிக்க வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறு மாதம் அண்ணன் வரவில்லை, அவன் வந்தான்.

இதனால்தான் ரவுண்டுகளுக்கு இடையில் குழுவினர் பேசலாம் என்று சட்டத்திலேயே எழுதிவையுங்கள். நம் பக்கத்தில் நன்றாக ஆடுகிறவர்களிடம் நிறைய அறிவு இருக்கிறது, அதை அவர்கள் கொடுக்க ஒரு காரணம் வேண்டும். 2019இல் லாகூரிலிருந்து கிளம்பிப் போன அர்ஸ்லான் ஆஷ், ஃபுகுவோகாவில் எவோ ஜப்பானையும் அதே ஆண்டு லாஸ் வேகஸில் எவோவையும் டெக்கன் 7இல் ஜெயித்தார். தன் ஊரில் தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று சொன்னார். பின்னால் வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் அது உண்மை என்று காட்டினார்கள். அப்படி ஒரு கூட்டம் உருவாக, ஒரே அறையில் தினம் தினம் தோற்றுக்கொண்டே ஆடப் பலர் வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்கள் வருவார்களா என்று கேட்டீர்கள். முதலில் முணுமுணுப்பார்கள். ஒரு மோதலில் அவர்களுக்கு ஆட வாய்ப்பே வராமல் போகலாம், அந்தக் கோபம் நியாயமானது. அவர்களுக்காக மாலையில் நன்றாக ஆடும் முதல் 8 பேருக்கு வழக்கமான டபுள் எலிமினேஷன், இரண்டு ஆட்டம் ஜெயித்தால் செட் என்று வையுங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஆட நினைப்பவருக்கு அந்தப் பழக்கமும் வேண்டும். உங்கள் நண்பரிடம் அதை நடத்தும் பொறுப்பைக் கொடுங்கள்.

பரிசை மூவருக்கும் சமமாகப் பிரியுங்கள். பெரிய ஆளுக்கு அதிகம் என்று ஒருமுறை ஆரம்பித்தால் புதியவர் மறுபடி துணைக்கு வந்தவர் ஆகிவிடுவார்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். ஆடி முடித்தவரின் வயர்லெஸ் பேடை உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள். இணைப்பிலேயே இருக்கும் பேடில் யாரோ தெரியாமல் ஒரு பட்டனைத் தட்டினால் அறையின் மறுகோடியில் ஆட்டம் நடுவே நின்றுவிடும், அதை வைத்து அரைமணி நேரம் சண்டை நடக்கும். டிவியில் கேம் மோட் (பட்டனை அமுக்கியது தாமதமில்லாமல் திரையில் தெரிவதற்கான அமைப்பு) போட்டிருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். சிலருக்கு இடப்பக்கம் இருந்து ஆடினால்தான் கை வரும், ஜெயித்தவர் தன் பக்கத்தை வைத்துக்கொள்ளட்டும். புதிதாக உட்காருகிறவருக்கு பட்டன் சரிபார்க்க அரை நிமிடம் கட்டாயம் கொடுங்கள், அவர் கேட்கக் கூச்சப்பட்டாலும் நீங்களே கேளுங்கள்.

போன மாதம் வராத ஒன்பது பேருக்கும் குரூப்பில் பொதுவாகப் போடாமல் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். தேதி முடிவானதும் எனக்கும் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்றாவது டிவியோடு வருகிறேன்.