இணையத்துக்குப் புதியவருக்கு எந்தச் சொல்லை முதலில் சொல்லிக்கொடுப்பது?

ஓய்வுபெற்ற அப்பா இப்போதுதான் ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறார், பிரவுசர், லிங்க், டொமைன் எதுவும் புரியவில்லை என்கிறார், எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். டொமைனில், அதாவது ஓர் இணையதளத்தின் முகவரிப் பெயரில், தொடங்குங்கள்.

மயிலாப்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நான் அகராதி மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஒருநாள் அவருக்கு ஒரு மெசேஜ்: கரண்ட் பில் பாக்கி, இன்று இரவு இணைப்பைத் துண்டிப்போம். கீழே நீல நிறத்தில் ஒரு லிங்க். முந்தின வாரம்தான் பில் கட்டியிருந்தார். ஆனாலும் பதறிப்போய் போனை என்னிடம் நீட்டினார். "கவர்மென்ட்டுன்னு போட்டிருக்கேடா?"

போட்டுத்தான் இருந்தது. தமிழக அரசின் முகவரியான டிஎன் டாட் கவ் டாட் இன் என்று தொடங்கி, அதோடு இன்னொரு டாட், ஏதோ ஒரு பெயர், கடைசியில் டாட் காம்.

தபால் விலாசத்தை வைத்து விளக்கினேன். காந்தி தெரு சென்னையில் எத்தனையோ இருக்கிறது. கடிதம் எந்த ஊருக்கு, எந்தப் பேட்டைக்கு என்பதைக் கடைசி வரிதான் சொல்லும்: சென்னை 600004. இணைய முகவரியும் அப்படித்தான். முகவரியின் தொடக்கத்தில் இருக்கும் எச்டிடிபிஎஸ்-ஐ அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். கவ் டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். டாட் காம் பெயரைக் காசு கொடுத்து யாரும் பதிவு செய்யலாம், அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்றும் கேட்டார். நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். வாங்கிக்கொள்பவர் திருடனா இல்லையா என்று பூட்டு சொல்லாது.

அப்புறம் மற்றவை எளிதாக வந்தன. இன்டர்நெட் என்பது கணினிகளை இணைக்கும் பாதை. நம் சென்னைக் கரையிலிருந்தே கடலடியில் சிங்கப்பூருக்கு கேபிள் போகிறது. வெப் அந்தப் பாதையில் இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஒரு வண்டி, 1989இல் பிரிட்டிஷ் கணினி அறிஞர் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த யோசனை. வாட்ஸ்அப் கால் அதே பாதையில் ஓடும் வேறு வண்டி. குரோம் பக்கங்களைத் திறந்து காட்டும் பிரவுசர், கூகுள் தேடித்தரும் தளம். இந்த இரண்டையும் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள், பொறுமையாகச் சொல்லுங்கள்.

இணைய வேகத்தை அளக்கும் எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை மெகாபிட்) அவசரமாகச் சொல்லித்தர வேண்டாம். அப்பாவே கேட்டால், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும் என்று சொன்னால் போதும்.

பெரியம்மா இப்போது எந்த லிங்க் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்... கவ்... டிஎன்..." என்று பின்னாலிருந்து வாய்விட்டுப் படிக்கிறார்.