அதிபரைப் பாராட்ட எந்த ஆங்கிலச் சொல்?

கேள்வி: எங்கள் அதிபர் அம்மாவுக்கு மணிவிழா. மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்துச் செய்தி எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் கண்டிப்பானவர், சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவரில் நல்ல விருப்பம். அகராதியைப் புரட்டினால் ஒதோரிற்றேற்றிவ், ஒதோரிற்றேரியன், இம்பீரியஸ், டொமினியரிங், மாஸ்ரர்ஃபுல் என்று ஒரு வரிசை. எல்லாம் அதிகாரத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. எதை எழுதட்டும்?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: முதல் வேலையாக ஒதோரிற்றேரியனை வெட்டிவிடுங்கள். 'ஏன் என்று கேட்காதே, சொன்னதைச் செய்' என்கிற ஆட்சிக்குரிய சொல் அது. எதிர்ப்பேச்சைப் பொறுக்காத அரசுகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதும் இதே சொல்லால்தான். மணிவிழா மலரில் அது வந்தால் வாழ்த்து வசையாகிவிடும்.

ஒதோரிற்றேற்றிவ் அதற்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம். விஷயம் தெரிந்ததால் தானாக வந்துசேரும் அதிகாரம் அது. அமெரிக்க உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட் 1960களில் பிள்ளை வளர்ப்பு முறைகளை வகுத்தபோது இந்த இரண்டு சொற்களையும் வேண்டுமென்றே பிரித்து வைத்தார். இரண்டு வகைப் பெற்றோரும் கண்டிப்பானவர்கள்தான். ஒருவர் காரணம் சொல்லுவார், பிள்ளை சொல்வதையும் கேட்பார். மற்றவர் கீழ்ப்படிவை மட்டும் எதிர்பார்ப்பார். ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தபோது நீங்களும் இதைப் பார்த்திருக்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: ஒதோரிற்றேற்றிவ் என்ற சொல் ஆளைவிடக் குரலுக்கும் நூலுக்கும் கருத்துக்கும்தான் இயல்பாகப் பொருந்தும். அதிபரின் குரலை அப்படிச் சொல்லுங்கள், வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்.

இம்பீரியஸ், டொமினியரிங் இரண்டும் குறை சொல்லும் சொற்கள், குறைதான் வேறு. இம்பீரியஸ் தோரணையைப் பற்றியது: விரலை அசைத்து ஆளைக் கூப்பிடுவது, முகத்தைப் பார்க்காமல் உத்தரவு போடுவது. கந்தோரில் ஐந்து நிமிடம் நின்றாலே கண்டுபிடித்துவிடலாம். டொமினியரிங் அப்படித் தெரியாது. அதற்கு அமுக்கப்படும் ஓர் ஆளும், கொஞ்சக் காலமும் வேண்டும். மருமகளை மூச்சுவிட விடாத மாமியார் வெளியாட்களிடம் தேனாகக் கதைப்பார். வீட்டுக்குள் அவர் டொமினியரிங். ஓவர்பேரிங் இதற்குப் பக்கத்து வீடு, அதில் மினக்கெட வேண்டாம்.

மாஸ்ரர்ஃபுல்லில் எங்கள் ஊராருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. மாஸ்ரர் என்றால் இங்கே வாத்தியார். அதனால் நல்ல ஆசிரியர் என்று பொருள்படும் என நினைத்து எழுதிவிடுவோம். தன் விருப்பத்தை மற்றவர்மேல் நிலைநாட்டுகிறவரே மாஸ்ரர்ஃபுல். கைதேர்ந்த வேலைக்கு மாஸ்ரர்லி என்று ஃபவுலர் 1926இல் வெளியிட்ட ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் கோடு கிழித்தார். அந்தக் கோட்டை இன்று பலரும் தாண்டுகிறார்கள், மாஸ்ரர்ஃபுல்லையே திறமைக்கும் எழுதுகிறார்கள். இருந்தாலும் உங்கள் மலரில் மாஸ்ரர்லிதான் பாதுகாப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொஸி என்பதற்கு எங்களிடம் அச்சொட்டான சொல் இருக்கிறது: சட்டாம்பித்தனம். படிப்பித்த சட்டம்பியார்தான் அதற்குள் ஒளிந்திருக்கிறார். லத்தீனிலும் இதே கதை. ஆசிரியரைக் குறித்த மாகிஸ்ரர் என்ற சொல்லிலிருந்து மஜிஸ்ரீரியல் வந்தது. தீர்ப்புச் சொல்வதுபோலக் கதைக்கிறவரை அது குறிக்கும், சில வேளை மதிப்போடு, சில வேளை எரிச்சலோடு. வாத்தியார்மாரின் பெயர் இரண்டு மொழியிலும் இப்படிக் கெட்டது எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான். பொஸியைப் பகிடிக்குக்கூட எழுதாதீர்கள். பெண்பிள்ளைகள் தலைமை தாங்கினால் மட்டும் அந்தச் சொல்லை ஒட்டுகிறார்கள் என்று 2014இல் அமெரிக்காவில் ஒரு பிரசாரமே நடந்தது. நியாயமான முறைப்பாடு. ஆண் அதிபர் அதட்டினால் 'ஆளுமை' என்கிறவர்கள்தானே நாங்கள்.

சரி, எதை எழுதுவது? 'ஸ்ரிக்ற்' எங்கள் ஊரில் முழுப் பாராட்டு. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ மலரை விரிக்கும் பழைய மாணவியின் மகளுக்கு அது வெறும் இறுக்கமாகத்தான் படும். அதனால் 'ஃபேர்ம் பட் ஃபெயர்' என்று எழுதுங்கள். உறுதியும் நீதியும் ஒன்றாக வரும் தொடர், ஆங்கிலத்தில் நன்றாகப் பழகியதும்கூட. அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கும் என்றால் 'கொமாண்டிங் பிரசென்ஸ்' பொருந்தும். ஃபோர்மிடபிளில் மரியாதையோடு பயமும் கலந்திருக்கிறது. அதை உப அதிபர் எழுதலாம், இளம் ஆசிரியை எழுதினால் சற்றுத் துணிச்சல்.

அச்சகத்தில் கட்டாயம் புரூவ் வாங்கிப் பாருங்கள். ஒதோரிற்றேற்றிவ்வைத் தட்டச்சில் பிழைவிட்டால் கணினி திருத்துகிறேன் என்று ஒதோரிற்றேரியனைப் போட்டுவிடக்கூடும். அதுவும் சரியான எழுத்துக்கூட்டல் என்பதால் சிவப்புக் கோடு விழாது.