பென்ட்லி முல்சானை ஏன் நிறுத்தினார்கள்? ஆறு வருடம் அதை ஓட்டியவனின் பதில்

கேள்வி: பென்ட்லி முல்சான் காரின் உற்பத்தியை 2020-ல் ஏன் நிறுத்தினார்கள்? கையால் செய்த கார் என்று அவ்வளவு விலை வைத்தார்களே, எல்லாவற்றையும் ரோபோ செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

முதல் பாதிக்குப் பதில் சுருக்கமானது. பெரிய காசு உள்ளவர்கள் எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள். பென்ட்லியே பென்டேகா என்கிற எஸ்யூவியை இறக்கியது. 2019-ல் மட்டும் அந்தக் கம்பெனி 11,000 கார்களுக்கு மேல் விற்றது. முல்சானோ பத்து வருடத்துக்கும் சேர்த்து 7,300 சொச்சம்தான். அதன் எஞ்சின் 1959-ல் வந்த வி8-இன் வழிவந்தது. புகை விதிகள் இறுகிக்கொண்டே போகும்போது அதற்கு இன்னொரு தலைமுறை கிடையாது என்று முடிவெடுத்தார்கள். 2020 ஜூனில் இங்கிலாந்தில் க்ரூ ஊர்த் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. கம்பெனியின் தலைமை வண்டி என்கிற இடம் ஃப்ளையிங் ஸ்பர் என்கிற இன்னொரு பென்ட்லிக்குப் போனது.

இரண்டாவது பாதிக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அந்த வண்டியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், கையால் தொட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் துபாயில் ஒரு வீட்டில் ஆறு வருடம் முல்சான் ஓட்டினேன். 'டிரைவருக்கு என்ன தெரியும்' என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அர்பாப், அதாவது முதலாளி, பின்சீட்டில் உட்கார்ந்து போனில் பேசுவார். தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு அந்த வண்டியை அங்குலம் அங்குலமாகத் துடைத்தது நான். அதற்கு முன்னால் திருச்சியில் மாமாவின் டிங்கரிங் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பட்டி தேய்த்த இடத்தில் மெல்லிய துணியைப் போட்டு அதன்மேல் உள்ளங்கையை ஓட்டச் சொல்வார் மாமா. துணி இருந்தால் கை வழுக்கும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும்.

முதல் நாள் துடைக்கும்போதே ஒன்றைத் தேடினேன். எந்தக் காரிலும் கூரைத் தகரமும் பக்கத்துத் தகரமும் எங்காவது சேர்ந்தாக வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கூரையோரம் ஒரு பள்ளம் விட்டு, அதற்குள் கறுப்புப் பட்டை ஒன்றை வைத்து மூடியிருப்பார்கள். முல்சானில் கூரையிலிருந்து பின்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியாகப் பின்சக்கரத்து மேடு வரை கையை ஓட்டினேன். இணைப்பே இல்லை. திரும்பவும் ஓட்டினேன், துணி போட்டும் பார்த்தேன். ஒரே தகடு மாதிரி இறங்குகிறது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த இணைப்பை ஆள் நின்று பிரேசிங் செய்து, அதாவது வேறொரு உலோகத்தை உருக்கி ஒட்டி, கையாலேயே தேய்த்துச் சமமாக்கினார்கள். ஒரு முல்சானுக்குக் கிட்டத்தட்ட 400 மணி நேர வேலை. எஞ்சினை மட்டும் சேர்க்க 15 மணி நேரம். பானெட்டைத் திறந்தால், எஞ்சினைச் சேர்த்தவரின் கையெழுத்தோடு ஒரு தகடு இருக்கும். எட்டு வருடத்தில் நானும் மாமாவும் எத்தனையோ வண்டிகளை நிமிர்த்தியிருக்கிறோம், ஒன்றில்கூட எங்கள் பெயர் கிடையாது. அந்தத் தகட்டை முதலில் பார்த்த அன்று ரொம்ப நேரம் பானெட்டை மூடவில்லை.

இயந்திரமே அதைத் தொடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன்பக்க அலுமினிய மட்கார்டுகளைச் சூடாக்கிக் காற்றழுத்தத்தால்தான் வடிவமைத்தார்கள். ரோபோ மட்டம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ரோபோ வரிசையில் இணைப்பு எங்கே வரவேண்டும் என்பதை வேகமும் செலவும்தான் முடிவு செய்யும். மேலே பட்டை வைத்து மூடிக்கொள்ளலாம். ஒரு இடத்தில் மணிக்கணக்கில் ஆள் நின்று தேய்ப்பதற்கு அங்கே கணக்கு இடம் கொடுக்காது. குறைந்திருக்கக்கூடியது அதுதான்.

பழைய எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்பவர்களுக்கும் ஒன்று. முல்சானுக்கு முன்னால் 1998-ல் வந்த பென்ட்லி அர்னாஜ் காரில் பிஎம்டபிள்யூவின் புது எஞ்சினை வைத்தார்கள். வாங்குகிறவர்கள் ஏற்கவில்லை. அடுத்த வருடமே பழைய 6.75 லிட்டரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். முல்சான் இரண்டரை டன்னுக்கு மேல் எடை, ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு 1,750 சுற்று சுற்றும்போதே முழு இழுவையும் வந்துவிடும். அர்பாப் மடியில் காபி வைத்திருந்தாலும் கிளப்புவதற்குப் பயம் இருக்காது.

2018-ல் ஒரு ஹோட்டல் வாசலில் வேறொரு வண்டி பின்பக்கம் உரசிவிட்டது. நான் அப்போது வண்டியில் இல்லை, ஹோட்டல் ஆள்தான் எடுத்துப் போய் நிறுத்தியிருந்தார். இருந்தும் மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். ஏன் வண்டியை விட்டுப் போனாய் என்று கேட்டார்கள். கழிப்பறைக்குப் போனேன். பெரிய ஹோட்டல்களில் கோடி ரூபாய் வண்டிக்கு நிழல் உண்டு, அதை ஓட்டி வருகிறவனுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது. உள்ளே கழிப்பறைக்கு விடமாட்டார்கள். பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை, ஜூலை வெயிலில் நடக்க வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் ஆடம்பரக் கார் பற்றி எழுதுகிற யாரும் இதை எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பட்டறையிலிருந்து ஐந்து வாரம் கழித்து வந்தது. பெயிண்டில் குறை சொல்ல முடியாது. துணியைப் போட்டுக் கையை ஓட்டினேன். தூண் முடிகிற இடத்தில் லேசான அலை ஒன்று இருந்தது. சொன்னதற்கு, கண்ணுக்குத் தெரியாததை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். க்ரூவில் முதலில் தேய்த்தவர் அப்படி நினைத்திருக்கவில்லை.

2020-ல் ஊரடங்கில் வண்டி கீழ்த்தளத்திலேயே கிடந்தது. கடைசி முல்சான் வெளியே வந்த செய்தியை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனில் படித்தேன். அந்த வருடக் கடைசியில் அர்பாப் விற்றுவிட்டு எஸ்யூவி எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைகள் ஏறி இறங்க அதுதான் வசதி.

அதுவும் நல்ல வண்டிதான், நானே ஓட்டுகிறேன். தினமும் நாலரைக்குத் துடைக்கிறேன். கூரையோரம் வரும்போது மட்டும் கறுப்புப் பட்டைக்குள் சேரும் மண்ணை எடுக்கச் சின்ன பிரஷ் ஒன்று தேவைப்படுகிறது. முல்சானுக்கு அந்தப் பிரஷ் நான் வாங்கவே இல்லை.