பச்சை சிடியும் ‘ரீமாஸ்டர்’ ஸ்டிக்கரும்

கேள்வி: கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிறுவர்கள் 1963-ல் பாடிப் பதிந்த அல்லேக்ரி என்ற இசையமைப்பாளரின் ‘மிசெரேரே’ தேவாலயப் பாடலை, ரீமாஸ்டர் செய்த சிடியாக வாங்கினேன். இன்னமும் பின்னால் ‘உஸ்’ என்று கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இல்லை. அது டேப்பின் சத்தம். 1963-ல் டால்பி இரைச்சல் குறைப்பே வந்திருக்கவில்லை. ரீமாஸ்டர் என்றால் மூல டேப்பை மறுபடி ஓட்டி, டிஜிட்டலாக்கி, ஒலியைச் சரிசெய்வது; பையன்களைத் திரும்ப வரவழைத்துப் பாடவைப்பதல்ல. ‘உஸ்’ஸை அடியோடு துடைக்கவும் முடியும்தான். ஆனால் அது இருக்கிற அதே உச்சப் பகுதியில்தான் சிறுவர் குரலின் பளபளப்பும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் இருக்கின்றன. ஒன்றைச் சுரண்டினால் மற்றதும் போகும். சேலத்தில் ஒரு கடையில் ‘துளி இரைச்சல் இல்லை’ என்ற ஸ்டிக்கரை நம்பி நான் வாங்கிய வேறொரு சிறுவர் குழு சிடி அப்படித்தான். எல்லோரும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பாடுகிற மாதிரி.

இதைவிட எனக்கு எரிச்சல், சத்தத்தை ஏற்றிவிடுவது. இந்தப் பாட்டுக்கு இரண்டு குழுக்கள்: ஒன்று ஐந்து குரல், மற்றது நான்கு குரல். நான்கு குரல் குழுவைப் பெரும்பாலும் தள்ளி நிறுத்துவார்கள். உச்சியைத் தொடும் சிறுவன் அதில்தான் இருக்கிறான். மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிச் சமப்படுத்தினால் தூரத்தில் நிற்பவன் காதருகே வந்துவிடுவான். அப்புறம் இரண்டு குழு எதற்கு? ‘ரீமாஸ்டர்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிற சிலர், எந்த ஆண்டுப் பதிவு, எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்பதைப் பொடி எழுத்தில்கூடப் போடுவதில்லை. அப்படிப்பட்டதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதே பதிவுதான். இலத்தீன் என்று நினைத்து வாங்கினேன், ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: எந்தக் காரணத்தைச் சொல்லி? டேவிட் வில்காக்ஸ் நடத்திய அந்தப் பதிவு எப்போதும் ஆங்கிலம்தான். அரை நிமிஷம் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இலத்தீன்தான் வேண்டும் என்றால் டாலிஸ் ஸ்காலர்ஸ் என்ற பாடகர் குழு 1980-ல் பதிந்தது இருக்கிறது. அதில் மேல் குரல் பெண்கள், சிறுவர்கள் இல்லை. வாங்கிவிட்டு அதற்கும் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: தவக்காலத்தில் கேட்கலாம் என்று ஆன்லைனில் ‘புத்தம்புது ரீமாஸ்டர்’ சிடி ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். அடிப்பக்கம் பச்சையாக இருக்கிறது, அட்டை கலர் ஜெராக்ஸ். கேட்டால் ‘நோ ரிட்டர்ன்’ என்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஏற்காடு

பதில்: டீச்சர், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆலையில் அச்சாகும் சிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். பச்சை என்றால் யாரோ கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த சிடி-ஆர். ‘நோ ரிட்டர்ன்’ என்று போட்டுவிட்டால் போலியைத் தலையில் கட்டலாம் என்று சட்டம் சொல்லவில்லை. சிடி, அட்டை, பில், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 900 ரூபாய்தானே என்று விடாதீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

கேள்வி: சிடியைவிட நுணுக்கமான ஒலி என்று சொல்லும் 24 பிட் ஃபைலுக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். என் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியுமா?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: தெரியாது. முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.