பரிசு மாறியும் குழு மாறவில்லையே?

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். மாதந்தோறும் அதிகக் கோப்புகளை முடிப்பவருக்கு மட்டும் ஊக்கத்தொகை கொடுத்துவந்தோம். வேலை வேகமாக நடந்தது, பிழைகளும் பெருகின. மூன்று மாதங்களுக்கு முன் குழு முழுவதற்கும் பொதுவான ஊக்கத்தொகை என்று மாற்றினேன். ஆனாலும் தமக்குத் தெரிந்ததை யாரும் அடுத்தவருக்குச் சொல்வதில்லை. பாதி தனிநபருக்கு, பாதி குழுவுக்கு என்று வைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. போட்டிப் பரிசிலிருந்து கூட்டுப் பரிசுக்கு மாற்றப்பட்ட குழுக்களைப் பற்றி 2006இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கம் முதலே கூட்டுப் பரிசுக்கு உழைத்த குழுக்களைவிட அவை தகவலைக் குறைவாகப் பகிர்ந்துகொண்டதையும், வேகமாக முடித்தும் துல்லியத்தில் பின்தங்கியதையும் காட்டியது. ஆய்வாளர்கள் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் ‘கழுத்தறுப்புக் கூட்டுறவு’ எனலாம். கடுமையான பெயர்தான், ஆனால் உங்கள் கடிதத்துக்குப் பொருந்துகிறது. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் தம் பரிசு கைநழுவும் என்பதை உங்கள் குழுவினர் மாதாமாதம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஒரு சுற்றறிக்கையால் அது மறந்துபோகாது.

பாதிக்குப் பாதி என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்கும் குழுக்களை வைத்து ஆய்வாளர் ரூத் வேஜ்மன் 1995இல் வெளியிட்ட ஆய்வில், வேலையும் பரிசும் முற்றிலும் தனித்தனியாகவோ முற்றிலும் கூட்டாகவோ அமைந்த குழுக்கள் நன்றாகச் செயல்பட்டன. இரண்டும் கலந்தவையே பின்தங்கின.

கூட்டுப் பரிசில் சிலர் ஒதுங்கிக்கொள்வார்களே என்று நீங்கள் அஞ்சினால், அந்த அச்சம் வீணன்று. கயிறு இழுக்கும் சோதனையில் எட்டுப் பேர் சேர்ந்தபோது, ஒவ்வொருவரும் தனியே காட்டிய வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டதாகப் பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913இல் எழுதினார். ஒரே நேரத்தில் இழுக்க முடியாமற்போனதும் அதற்கு ஒரு காரணம். அவரவர் பங்கு இன்னதென்று வெளியே தெரியும்போது இந்தத் தளர்ச்சி பெரிதும் குறைவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆகவே யார் எதை முடித்தார், யாருக்கு உதவினார் என்பதை வாரந்தோறும் குழுவின் முன் பேசுங்கள். அதில் பணத்தைக் கலக்காதீர்கள்.

பழைய விதி உங்களுடையது, குற்றம் அவர்களுடையதன்று என்பதை முதலில் அவர்களிடமே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு சிக்கலான கோப்புகளை இருவர் சேர்ந்தே முடிக்குமாறு பிரித்துக்கொடுத்து, இப்போதைய பரிசு முறையை இன்னும் சில மாதங்கள் தொடாமல் விடுங்கள். ஒருவருடைய கோப்புக்கு மற்றவருடைய அறிவு உண்மையிலேயே தேவைப்படாத வேலையாக இருந்தால் மட்டும் தனிப் பரிசுக்குத் திரும்பலாம். அப்போதும் சக ஊழியரை முந்துவதற்காக அல்லாமல், பிழை எண்ணிக்கையையும் உள்ளடக்கிய ஓர் இலக்கை எட்டும் எல்லோருக்கும் அது கிடைக்கட்டும்.