ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிப்பு உண்மையிலேயே இலவசமா? படிப்பும் வாழ்க்கையும் எப்படி இருக்கும்?

பி.இ. முடித்துவிட்டு ஜெர்மனி போகலாமா, ஃபீஸ் இல்லை என்கிறார்களே, போனால் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஈரோடு பக்கம். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்து, கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, சாக்ஸனி மாநிலத்தில் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் முடித்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காசு விஷயம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் 2017-லிருந்து செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரில் தொடங்கி மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4000 முதல் 6000 யூரோ வரை வாங்குகிறது. மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ, பெரும்பாலும் பஸ், டிராம் பாஸ் அதிலேயே சேர்ந்துவிடும். உண்மையான சுமை விசாவுக்கு முன்னால் பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது நினைத்தபோது எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கில், போட வேண்டிய பணம். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும், உங்கள் செலவுக்கான பணம்தான். ஆனால் ஒரே நேரத்தில் மொத்தமாகப் புரட்ட வேண்டும் இல்லையா, அங்கேதான் பல வீடுகளில் நகை பேங்குக்குப் போகிறது. மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவை ஒட்டி வரும். கெம்னிட்ஸ் மாதிரி ஊரில் ஹாஸ்டல் அறை 300 யூரோவுக்குள் எனக்குக் கிடைத்தது, மியூனிக்கில் அந்தக் காசுக்கு அறையை நினைத்தும் பார்க்க முடியாது. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிச் செலவு முடிவாகிவிடுகிறது.

சரி, படிப்புக்கு வருகிறேன், அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். நம் இன்ஜினியரிங் காலேஜில் 75 சதவீத அட்டெண்டன்ஸ், மாடல் எக்ஸாம், இன்டர்னல் மார்க், இரண்டு நாள் போகவில்லை என்றால் ஹெச்.ஓ.டி. வீட்டுக்கே போன் செய்வார். அங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவே கிடையாது. போனால் போங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு, பல பாடங்களில் முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான். அந்தத் தேர்வுக்கும் நீங்களேதான் ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும். தேதி தவறினால் எழுத முடியாது, நினைவூட்டவும் ஆள் இல்லை. மார்க் குறையக் குறைய நல்லது: 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். பொதுவாக ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் ஏறக்குறைய முடியாது. நல்ல மார்க்கோடு வந்த என் நண்பன் ஒருவனுக்கு மூன்றாவது வாய்ப்பு வரை போனது. அந்த மாதம் முழுக்க அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கடைசியில் பாஸ் செய்துவிட்டான். நம் ஊர் அரியர் கணக்கோடு அங்கே போகவே கூடாது.

இதே விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். துரத்தாத அதே ஆட்கள் உங்களைச் சமமான ஆளாக நடத்துவார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு, திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஒரு நாள் வைப்பார்கள், அதற்குப் பெயர் ஐன்ஸிஹ்ட். அதிர்வியல் பாடத்தில் என் தாளைப் பார்க்கப் போனேன். ஒரு சின்ன வகுப்பறை, மேசைக்கு மேசை இடைவெளி விட்டு உட்கார வைத்து, தாளைக் கையில் கொடுத்தார்கள். ஒரு கணக்கில் நான் விசையின் திசையை அவர்கள் விடைக்கு எதிராக எடுத்திருந்தேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதையே பிடித்துக்கொண்டுதான் போயிருந்தேன், ஆனாலும் பாதி மார்க் போயிருந்தது. பேராசிரியரின் உதவியாளரிடம் காட்டினேன். அவர் வாதாடவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, நான் எடுத்த திசையை வைத்தே ஒவ்வொரு வரியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கடைசி வரியில் சரியாக வந்ததும் "ஸ்டிம்ட்" என்றார், அதாவது சரிதான். மதிப்பெண்ணைத் திருத்தி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். 2.3 இருந்தது 2.0 ஆனது. காசு கட்டவில்லை, விண்ணப்பம் எழுதவில்லை, யாருடைய காலிலும் விழவில்லை. நம் ஊரில் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

வாய்மொழித் தேர்வும் அப்படித்தான். பேராசிரியர், குறிப்பெடுக்க ஒருவர், நடுவில் வெள்ளைத்தாளும் பேனாவும். சூத்திரத்தை ஒப்பித்தால் "ஏன்?" என்று கேட்பார், அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு ஏன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம், சின்னதாக ஒரு குறிப்பு எடுத்துக் கொடுப்பார், அதைப் பிடித்துக்கொண்டு நாம் எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்ப்பார். மனப்பாடம் அங்கே எடுபடாது.

அப்புறம் மொழி. கோர்ஸ் ஆங்கிலத்தில் இருக்கலாம், வாழ்க்கை ஜெர்மனில்தான். பல்கலைக்கழகத்துக்குள் ஆராய்ச்சி உதவியாளர் வேலை, ஹிவி என்பார்கள், அது ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே கிடைக்கலாம். வெளியே கம்பெனியில் பகுதிநேர வேலைக்குப் போனால் முதல் கேள்வியே ஜெர்மன் எந்த லெவல் என்பதுதான். சாக்ஸனி மாதிரி இடத்தில் நடுத்தரக் கம்பெனிகள்தான் அதிகம், மதிய உணவு மேசையிலும் மெஷின் பக்கத்திலும் ஜெர்மன்தான் பேசுவார்கள். என் கருத்தைக் கேட்டால், கிளம்பும் முன் ஜெர்மனில் பி1 முடித்துவிடுங்கள் (ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாகப் போகும் மொழி லெவலில் அது மூன்றாவது). அங்கே போய் மாஸ்டர்ஸோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஏ2-விலேயே நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனிமையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பக்கத்து அறைக்காரன் ஹலோவோடு நிறுத்திக்கொள்வான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நாமாகப் போய்ப் பேசினால் பேசுவார்கள். நானும் அப்படித்தான் ஹாஸ்டல் சமையலறையில் கூடச் சமைத்த பையனோடு பேச ஆரம்பித்தேன், இன்று வரை நெருங்கிய நண்பன்.

ஒரு தடவை ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஈழத்தமிழர்கள் கட்டிய கோயில், 2002-ல் குடமுழுக்கு நடந்தது, தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது. அன்னதான வரிசையில் ஒரு அம்மா, "தம்பி, எங்க இருந்து வாறீங்கள்? சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். எண்பதுகளில் அகதியாக வந்தவராம், முதல் சில வருடம் வேலை செய்யவே அனுமதி இல்லையாம், மொழியைப் பிள்ளைகளிடம் கேட்டுப் படித்தாராம். விசாவும் இன்ஷூரன்ஸும் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிற நமக்கு அவர்கள் போட்ட பாதை எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்று பல ஊர்களில் நமக்கு இட்லி அரிசியும் முருங்கைக்காயும் கிடைப்பதே அவர்கள் வைத்த கடைகளால்தான்.

படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி தருவார்கள். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம், 2024 மார்ச்சுக்கு முன் அது 120-ஆக இருந்தது. ஆனால் இந்த வருமானத்தை நம்பிக் கடனை அடைக்கிற திட்டம் போடாதீர்கள், முதல் இரண்டு செமஸ்டரில் படிப்புக்கே நேரம் பத்தாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஏபிஎஸ் சான்றிதழுக்கு, அதாவது உங்கள் டிகிரி, மார்க் ஷீட்டெல்லாம் உண்மையானவை என்று சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் சான்றிதழுக்கு, விண்ணப்பிப்பது. இந்திய டிகிரிக்காரர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து விசாவுக்கு அது கட்டாயம், கூட்டம் சேரும் மாதங்களில் தாமதமாகும். கன்சல்டன்சிக்கு லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள், எல்லாப் படிவமும் நீங்களே நிரப்பக் கூடியதுதான். பல்கலைக்கழக ரேங்க் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோர்ஸுக்கும் வலைத்தளத்தில் இருக்கிற மாட்யூல் ஹேண்ட்புக்கைத் திறந்து படியுங்கள். எந்தப் பாடம், எழுத்துத் தேர்வா வாய்மொழியா, எத்தனை கிரெடிட், பி.இ.-யில் என்ன படித்திருக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும், பெரும்பாலான நிராகரிப்புக் கடிதங்களுக்கான காரணமும் கடைசியாகச் சொன்ன அந்த பி.இ. பாட விஷயத்தில்தான் இருக்கும்.