பியானோவும் தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வர்ற மேற்கத்திய இசையில ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னா எதைச் சொல்வீங்க?

ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சோட ரெண்டாவது பியானோ ட்ரையோ, ஈ மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 67. யோசிக்கவே வேணாம். பியானோ, வயலின், செல்லோ, மூணே பேரு, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

இதைத் தேடினீங்கன்னா "நண்பன் செத்த துக்கத்துல எழுதினது"ன்னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க, அது பாதிதான் சரி. 1943 டிசம்பர்லயே ஆரம்பிச்சுட்டாரு. அவரோட நெருங்கிய சிநேகிதர் சொலெர்டின்ஸ்கி, இவருக்கு இசையமைப்பாளர் மாலர் மேல பைத்தியம் பிடிக்க வச்ச மனுஷன், 1944 பிப்ரவரி 11 நோவோசிபிர்ஸ்க்ல திடீர்னு போயிட்டாரு, வயசு 41. ட்ரையோ அவருக்கு சமர்ப்பணம். ஆனா அதே சமயத்துல இன்னொரு சாவும் இவர் மேஜை மேல இருந்துச்சு. ஃப்ளெய்ஷ்மன்னு இவரோட யூத மாணவன் ஒருத்தன், 1941ல லெனின்கிராட் சண்டையில செத்துட்டான், பாதியில விட்டுட்டுப் போன அவனோட ஓபராவை இவர்தான் முடிச்சுக் கொடுத்தாரு, அதுவும் சொலெர்டின்ஸ்கி சாகறதுக்கு சில நாள் முன்னாடி. ட்ரையோவோட கடைசிப் பகுதியில வர்ற யூத நடன மெட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறவங்க இதை மறந்துடறாங்க.

சரி, இசைக்கு வருவோம். ஆரம்பமே தலைகீழ். செல்லோ தனியா, கம்பியை முழுசா அழுத்தாம விரலால லேசா தொட்டு வாசிக்கற ஹார்மோனிக்ஸ்ல எங்கயோ உச்சியில கீச்சுன்னு ஆரம்பிக்கும், அப்புறம் வர்ற வயலின் அதுக்குக் கீழ, பியானோ அதுக்கும் கீழ அடிமட்டத்துல. ரெண்டாவது பகுதி செம வேகம், சொலெர்டின்ஸ்கி பேசற மாதிரியே இருக்குன்னு அவரோட சகோதரி சொன்னாங்களாம்.

எனக்கு உயிர் மூணாவதுதான். பியானோ எட்டு கார்டு (chord, பல சுரங்களை ஒண்ணா சேர்த்து அடிக்கறது) வாசிக்கும், அவ்ளோதான், அதையே ஆறு தடவை திருப்பித் திருப்பி, ஒரு மாத்தமும் இல்லாம. அதுக்கு மேல வயலினும் செல்லோவும் மாத்தி மாத்தி அழும், சாவு வீட்டுல பறை ஒரே அடியா அடிச்சுட்டு இருக்க மேல ஒப்பாரி ஏறி இறங்கற மாதிரி. இந்த எட்டு கார்டும் கடைசிப் பகுதி முடியறப்ப திரும்ப வரும், அப்ப வரைக்கும் அந்த நடனம் என்னமா ஆடித் தீர்த்துச்சுன்னு உங்களுக்கே புரியும். அந்தக் கடைசிப் பகுதியை ஜாலியான முடிவுன்னு வாசிக்கற குரூப்பை எல்லாம் நான் ஸ்கிப் பண்ணிடுவேன். அந்த யூத மெட்டை 1960ல எட்டாவது குவார்ட்டெட்லயும் (நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதினது) எடுத்துப் போட்டிருக்காரு.

எந்த ரெக்கார்டிங்னு கேட்டா, ஷோஸ்டகோவிச்சே பியானோ வாசிச்சு, வயலின்ல ஓய்ஸ்ட்ராக், செல்லோல சாட்லோ கூட பிராக்ல பண்ணது யூடியூப்ல கிடைக்குது, சத்தம் கரகரன்னு இருக்கும், பரவால்ல. ஹெட்போன்ல மட்டும் கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல அந்த பியானோ அடிமட்டம் சுத்தமா காணாமப் போயிடும்.